முதியவர்களின் மனநிலையை அளக்கும்போது மதிப்பெண் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

வெண்ணிலா எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மாலை வேளைகளில் பாட்டும் வாசிப்புமாக ஒரு கூடுகையைத் தொடங்கியிருக்கிறோம். இதனால் அங்கே இருப்பவர்களின் மனம் தேறுகிறதா என்பதை எண்ணிக்கையாகக் காட்டும்படி நிர்வாகம் கேட்கிறது. கேட்பது நியாயம்தான். காட்ட வேண்டும் என்று எனக்கும் ஆசை.

ஜி.டி.எஸ். எனப்படும் முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் பதினைந்து கேள்வி வடிவத்தை எடுத்துக்கொண்டோம். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும் என்பதால் சுலபமாக இருக்கும் என்று எண்ணினோம். மதிப்பெண் கூடக்கூடச் சோர்வும் கூடுதல் என்று பொருள். வந்த எண்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஒரு பாட்டியை நான் தனியே உட்காரவைத்துக் கேட்டபோது 4 வந்தது. அடுத்த மாதம் பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண் கேட்டபோது 9. அதற்கடுத்த முறை மகள் பக்கத்தில் இருந்தார், மதிப்பெண் 2. இடையில் பாட்டியின் வாழ்க்கையில் எதுவும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெளியே போய்ப் புதிதாக எதையாவது செய்வதைவிட வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு, “வேறு எங்கே போவது, தாயே?” என்றார். ‘ஆம்’ என்று குறித்தேன். ஒரு மதிப்பெண் ஏறிவிட்டது. ஆனால் கூடுகையில் அதிகம் சிரிப்பவர் அவர்தான்.

மறதிநோய் முற்றிவரும் இன்னொரு அம்மா எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றார். கூட்டினால் 10. தாளின்படி அவருக்கு மனச்சோர்வு இருக்க வேண்டும். மாலையில் பாட்டுக்குக் கை தட்டித் தாளம் போடுகிறவர் அவர்.

எந்த அளவுகோலை நம்பலாம்? அல்லது இந்த வயதில் மனத்தை அளக்க முயல்வதே வீணா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

பரிதி எழுதிய பதில்:

வெண்ணிலா, முதியவர்களோடு வேலை செய்யும் உளவியலாளர் நான். வீண் இல்லை, நிச்சயமாக இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூவரும் மூன்று வெவ்வேறு சிக்கலைக் காட்டுகிறார்கள். அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாட்டி. 4, 9, 2 என்று அவர் தந்த மூன்றுமே மனமறிந்து சொன்ன பதில்களாக இருக்கலாம். மகள் எதிரில் இருக்கும்போது எந்தத் தாய், “என் வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்வார்? நேருக்கு நேர் கேட்டால் மக்கள் தங்களைச் சற்று நலமாகவே காட்டிக்கொள்வார்கள், தனியே தாளில் குறிக்கும்போது அந்தப் பூச்சு குறையும் என்பது கருத்தாய்வுத் துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. அன்றாடம் மருந்து கொடுக்கும் உங்களிடம் ஒரு விதமாகவும், நாளை போய்விடப்போகும் பயிற்சிப் பெண்ணிடம் இன்னொரு விதமாகவும் பேசுவது மனித இயல்பு. என் கணிப்பில் அந்த 9-ஐத்தான் நீங்கள் அக்கறையோடு பார்க்க வேண்டும். அந்நியரிடம்தான் சிலர் மனம் திறக்கிறார்கள்.

ஆகவே கேட்பவர், இடம், நேரம் மூன்றையும் நிலைப்படுத்துங்கள். ஒரே ஆள் எல்லா முறையும் கேட்கட்டும்; அவர் கூடுகையை நடத்துபவராக இருக்கக் கூடாது. உங்களை மகிழ்விக்கவே பலர் நல்ல பதில் சொல்வார்கள். குடும்பத்தார் வந்துபோன நாளில் கேட்காதீர்கள். வலி மருந்தின் வேகம் தணிந்த நேரத்தில் கேட்காதீர்கள். காலையில் மனம் கனத்து மாலையில் லேசாகும் மனச்சோர்வும் உண்டு. அதனால் முதல் முறை காலை பத்து மணிக்குக் கேட்டிருந்தால் கடைசி முறையும் அதே நேரம்தான்.

அடுத்தது காது. இதை எத்தனை ஆய்வேடுகள் கோட்டைவிடுகின்றன என்று எண்ணும்போது எனக்குக் கோபமே வரும். கேட்காத காதோடு இருப்பவர் பாதிக் கேள்வியை ஊகித்துத் தலையாட்டுவார். கேட்புக் கருவியின் மின்கலம் வேலை செய்கிறதா, மூக்குக்கண்ணாடி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் கேள்வி. விடைகள் பல இருந்தால் அவற்றைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி எதிரில் வையுங்கள். காதால் மட்டும் கேட்கும்போது கடைசியில் சொல்லப்பட்ட விடையைத் தேர்ந்தெடுக்கும் போக்கு வயதானவர்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. ஐந்தாறு விடைகளை ஒருசேர நினைவில் நிறுத்துவது அவர்களுக்குக் கடினம். அட்டை இருந்தால் நினைவுக்கு அந்தப் பாரம் இல்லை.

இனிப் பக்கவாதம் வந்த பெரியவர். ஜி.டி.எஸ். 1980-களின் தொடக்கத்தில் யெசவேஜும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. முதலில் முப்பது கேள்விகள், 1986-இல் பதினைந்தாகச் சுருக்கப்பட்டது. தூக்கம், பசி போன்ற உடல் அறிகுறிகளை அவர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். எழுபது வயதில் தூக்கம் கெடுவதற்கு மனச்சோர்வு தவிர ஆயிரம் காரணம் இருக்கும் அல்லவா? அந்த விதத்தில் அது நல்ல கருவி. ஆனாலும் வெளியே போவதைப் பற்றிய கேள்வியும், உடலில் தெம்பு இருக்கிறதா என்ற கேள்வியும் தங்கிவிட்டன. நடக்க முடியாதவர் அந்த இரண்டிலும் மதிப்பெண் வாங்குவார். மொத்தத்தை மட்டும் எழுதாமல் கேள்விவாரியாகப் பதிவு செய்யுங்கள். ஒருவருக்கு வந்த 5 அந்த இரண்டையும் உள்ளடக்கியதா, நம்பிக்கையின்மையையும் பயனற்றவர் என்ற எண்ணத்தையும் உள்ளடக்கியதா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்ற அம்மாவின் மதிப்பெண்ணுக்கு விளக்கம் கணக்கிலேயே இருக்கிறது. பதினைந்தில் பத்துக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் ஒரு மதிப்பெண். மீதி ஐந்துக்கு ‘இல்லை’ என்றால் ஒரு மதிப்பெண். கேள்வியே புரியாமல் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்பவருக்கு எப்போதும் 10 வரும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்பவருக்கு 5. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொதுவாக வைக்கும் எல்லையும் 5தான். ஆகவே சரியாக 10 அல்லது 5 வந்த தாள்களை முதலில் எடுத்துப் பாருங்கள். நேரெதிரான இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் சொல்லியிருந்தால் அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த அம்மாவுக்குக் கேள்வித்தாள் உதவாது, வேறு வழி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நீங்கள் அளக்க நினைப்பது மனநலம், கையில் வைத்திருப்பது மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் கருவி. சோர்வு இல்லாதிருப்பதும் மகிழ்ச்சியாக இருப்பதும் ஒன்றல்ல. நல்லுணர்வும் துன்ப உணர்வும் ஒரே கோட்டின் இரு முனைகளாக இல்லாமல், பெருமளவு தனித்தனியாக ஏறி இறங்குகின்றன என்று பிராட்பர்ன் என்ற ஆய்வாளர் 1969-இலேயே எழுதினார். உங்கள் கூடுகை துக்கத்தைக் குறைக்காமலே மகிழ்ச்சியைக் கூட்டியிருக்கலாம். கணவரை இழந்த பெண்ணின் துக்கத்தைப் பாட்டு எப்படிக் குறைக்கும்? ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் அவர் மலர்ந்திருக்கலாம். ஜி.டி.எஸ். அதைப் பார்க்காது.

அதனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998-இல் வந்தது. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தேன், அமைதியாக இருந்தேன், சுறுசுறுப்பாக இருந்தேன், புத்துணர்வோடு கண் விழித்தேன், மனத்துக்குப் பிடித்த விஷயங்களால் என் நாள் நிறைந்திருந்தது என்ற ஐந்து கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தத்தை 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். 50 அல்லது அதற்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேச வேண்டும். ஒரே குறை, ஐந்தும் நேர்மறைக் கூற்றுகள். தலையாட்டுகிறவருக்கு நூறு வந்துவிடும். ஜி.டி.எஸ்.ஸோடு சேர்த்துப் பார்ப்பது அதனாலும் நல்லது.

*

அப்பாவின்_மகன் எழுதிய பதில்:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. என் தந்தைக்குப் பார்க்கின்சன் நோய். அவரைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். இந்த நோயில் முகத் தசைகள் இறுகிவிடுகின்றன. அப்பா நகைச்சுவையாக ஏதாவது சொல்வார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. வருகிறவர்கள் எல்லோரும், “அப்பா மிகவும் சோர்ந்துவிட்டாரே” என்று என்னைத் தனியே அழைத்துச் சொல்வார்கள். அவரிடமே கேட்டால், கண்ணை என் பக்கம் திருப்பி, மெல்லிய குரலில், “இன்றைக்கு நன்றாக இருக்கிறேன்” என்பார். அதை நான் நம்புகிறேன்.

குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவதிலும் கவனம் வேண்டும். எங்கள் களைப்பையும் அவர் கணக்கில் சேர்த்துவிடுவோம். சென்ற மாதம் நான் இரவெல்லாம் தூங்காமல் இருந்த வாரத்தில் ஒரு படிவத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். நான் நிரப்பியதையும் அவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு மனிதர்களைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. பதில் சொல்ல முடிகிறவரை அவரிடமே கேளுங்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அப்பாவுக்குப் பதில் வர நேரமாகும். அதற்குள் எல்லோரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

*

எண்ணிலக்கம் எழுதிய பதில்:

புள்ளியியல் பக்கத்திலிருந்து சுருக்கமாக.

ஒருவருடைய மதிப்பெண் எவ்வளவு மாறினால் அதை மாற்றம் என்று சொல்லலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். உங்கள் குழுவின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு, 3 என்றும், ஒரு வார இடைவெளியில் மறுபடி கேட்டபோது இரண்டு முறையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் நம்பகத்தன்மைக் கெழு 0.84 என்றும் (1 என்றால் முழு ஒப்புமை) வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.84-ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதை 3-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 1.2. இரண்டு முறை அளப்பதால் இதை 1.41-ஆலும், 95 சதவீத உறுதி வேண்டும் என்பதால் 1.96-ஆலும் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 3.3 வருகிறது. அதாவது ஒரு தனி மனிதர் 7-இலிருந்து 4-க்கு இறங்கினால் அது வெறும் பிழையாகவும் இருக்கலாம். 3-க்கு இறங்கினால்தான் மாற்றம் என்று எழுதலாம்.

குழுவின் சராசரியில் இந்தப் பிழை மிகவும் சுருங்கும். இருபத்தைந்து பேர் இருந்தால் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். எனவே நிர்வாகத்துக்குக் குழுச் சராசரியைக் கொடுங்கள். தனி மனிதர்களின் சிறு ஏற்ற இறக்கத்தை அறிக்கையில் போடாதீர்கள்.

பலர் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.8-க்கு மேல் வந்தது, ஆகவே கருவி நம்பகமானது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் சொல்லும். இன்று சொன்னதையே அடுத்த வாரமும் சொல்வாரா, வேறு ஆள் கேட்டாலும் சொல்வாரா என்பதற்கு அதில் பதில் கிடையாது. உங்கள் பாட்டியின் சிக்கல் முழுக்க அந்த இரண்டில்தான் இருக்கிறது.

இன்னொன்று, மிகவும் சோர்ந்தவர்களை மட்டும் பொறுக்கிக் கூடுகையில் சேர்த்திருந்தால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை அவர்களுடைய சராசரி தேறியதுபோலத் தெரியும்; அன்று தற்செயலாக மிகவும் ஏறியிருந்த மதிப்பெண் தானே இறங்கும். ஒரு பிரிவில் இப்போதும் இன்னொரு பிரிவில் மூன்று மாதம் கழித்தும் தொடங்கி, இரண்டையும் ஒரே நாள்களில் அளந்தால் இந்த மயக்கம் தீரும். யாருக்கும் கூடுகை மறுக்கப்பட்டதாகவும் ஆகாது.

*

வெண்ணிலா எழுதிய பதில்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாள்களை எடுத்துப் பார்த்தேன். சரியாக 10 வாங்கியவர்களில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொன்னவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தத் தாள்களைத் தனியே வைத்துவிட்டேன்.

பரிதி அம்மா, இரண்டு சந்தேகங்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு வேறு வழி என்று சொன்னது எது? அடுத்தது, படுக்கையிலேயே இருக்கும் ஒரு தாத்தா ஐந்து கேள்விக் குறியீட்டில் 80-க்கு மேல் சொல்கிறார். உடன் வேலை செய்பவர்கள், “ஒப்புக்குச் சொல்கிறார்” என்கிறார்கள். அப்படித்தானா?

*

பரிதி எழுதிய பதில்:

வெண்ணிலா, தாத்தாவிடமிருந்து தொடங்குகிறேன். ஒப்புக்குச் சொல்கிறார் என்று முடிவுகட்டுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உடல் தளர்ந்த பிறகும் பலர் மனநிறைவோடு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இனி இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் வேண்டாத உறவுகளையும் வேண்டாத கவலைகளையும் விலக்கி, மனத்துக்கு அணுக்கமானவற்றில் தங்குகிறார்கள் என்பது உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு. அதோடு, நோய்க்குப் பிறகு ‘நன்றாக இருப்பது’ என்பதற்கு அவரவர் மனத்தில் இருக்கும் அளவே மாறிவிடுகிறது. முன்பு ஊர் சுற்றினால்தான் நல்ல நாள்; இப்போது வலியில்லாத காலை நல்ல நாள். அவருடைய 80-ம் நோய்க்கு முன் அவர் சொல்லியிருக்கக்கூடிய 80-ம் ஒரே பொருளுடையவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக இப்போதைய 80 பொய்யாகிவிடாது.

சந்தேகம் இருந்தால் நேற்றைய நாளைத் துண்டு துண்டாகக் கேளுங்கள். உளவியலாளர் கானமனும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படை. எழுந்தது முதல் படுத்தது வரை என்னென்ன நடந்தன, யார் உடன் இருந்தார்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று வரிசையாக. “பொதுவாக எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் பழகிய பதில் வரும். “நேற்றுக் குளிக்கவைத்தபோது எப்படி இருந்தது?” என்றால் நடந்தது வரும். நாள் முழுவதையும் முறைப்படி கேட்க நெடுநேரம் ஆகும். உங்களுக்கு மூன்று நான்கு நிகழ்வுகள் போதும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. எந்தப் படிவமும் காட்டாத ஒன்றை இதில் பார்த்திருக்கிறேன்: ஒருவருடைய நாளில் கெட்டுப்போகும் ஒரே ஒரு நேரம் எது என்பது. பல சமயம் அதைச் சரிசெய்ய அன்று மாலையே முடியும்.

உணர்வுச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். 1988-இல் வெளிவந்த பானாஸ் என்ற இருபது சொல் பட்டியலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் நேர்மறைச் சொற்கள் உற்சாகம், பரபரப்பான ஆர்வம், உறுதி, விறுவிறுப்பு என்றே போகின்றன. அமைதி, நிறைவு, நிம்மதி அதில் இல்லை. வயதானவர்களின் மகிழ்ச்சியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அவற்றைக் கேட்காமல் முதுமையில் மகிழ்ச்சி குறைகிறது என்று எழுதுவது அநியாயம்.

மறதிநோய் உள்ளவர்களுக்கு இரண்டு வழிகள். மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய 1988-இல் வெளிவந்த கார்னெல் அளவுகோல் இருக்கிறது. பத்தொன்பது அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. உடனிருந்து பார்த்துக்கொள்பவரிடம் முதலில் பேசி, பிறகு நோயாளியையும் கண்டு பேசி, இரண்டையும் சேர்த்து மதிப்பிடுவார்கள். உடல்நோயால் வந்த அறிகுறிக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது என்ற விதி அதிலேயே உண்டு. இதற்குப் பயிற்சி வேண்டும். உங்கள் மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கூடுகையின் பயனை அறிய அதைவிட எளிது பார்த்துக் குறிப்பது. லாட்டன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறையில் ஐந்து உணர்வுகள்: மகிழ்ச்சி, கோபம், பதற்றம் அல்லது அச்சம், துயரம், சுற்றத்தில் கவனம். பத்து நிமிடம் ஒருவரை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தெரிந்தது என்று குறிக்க வேண்டும். கூடுகைக்கு முன், நடுவில், முடிந்து ஒரு மணி நேரம் கழித்து என்று குறியுங்கள். கை தட்டும் அந்த அம்மாவின் மகிழ்ச்சி கூடுகையோடு முடிகிறதா, இரவு உணவுவரை நீள்கிறதா என்பது தெரியும். முதல் சில முறை இருவர் தனித்தனியே பார்த்து எழுதி, ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஒத்துப்போகாத இடங்களைப் பேசித் தீர்த்த பிறகே உண்மையான பதிவைத் தொடங்குங்கள். பார்க்கின்சன் நோயாளிகள் விஷயத்தில் மேலே அந்த மகன் எழுதியிருப்பது முற்றிலும் சரி. அவர்களின் முகத்தை நம்பாதீர்கள். கண், குரல், உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் மதிப்பெண்ணுக்கும் அறிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது. நம்பிக்கையே இல்லை, இருந்து என்ன பயன் என்று யாராவது சொன்னால், மொத்தம் 3 ஆக இருந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் மருத்துவரை அழையுங்கள்.

இப்போதைக்கு உங்கள் வேலை இவ்வளவுதான். கேள்வி புரிகிறவர்களுக்கு ஐந்து கேள்விக் குறியீடும் ஜி.டி.எஸ்.ஸும், தொடங்கும்போதும் மூன்று மாதம் கழித்தும். ஐந்து கேள்விக் குறியீட்டில் பத்துப் புள்ளிகள் மாறினால் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கேட்டுவிட்டால், எண்ணிலக்கம் காட்டிய கணக்கையும் உங்கள் இல்லத்தின் எண்களாலேயே போடலாம். புரியாதவர்களுக்குப் பார்த்துக் குறிப்பது மட்டும். அந்த 9 சொன்ன பாட்டியைத் தேதி பார்க்காமல் இந்த வாரமே ஒரு முறை தனியே பாருங்கள். மகள் வராத நாளாக இருக்கட்டும்.